லாக் அவுட்டும் லண்டன் கடிதமும்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பாடம் நடத்தும் பழக்கம் எனக்கு உண்டென்று உங்களுக்குத் தெரியும். பொறுமையாகப் படியுங்கள். பணம் சம்பந்தப்பட்ட விஷயம்.

போன மாதம் எனக்கு இரண்டு பேர் போன் செய்தார்கள். இருவருக்கும் ஒரே விஷயத்தில் கஷ்டம். ஆனால் இருவர் கேட்டதும் நேர் எதிர்.

முதலில் அழைத்தவர் என் மைத்துனர். ஊரில் விவசாயம். பேங்க் ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்த்ததும் மறக்காமல் லாக் அவுட் செய்துவிடுவார். அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். அவர் கணக்கிலிருந்து ஆதார் கைரேகை முறையில் மூன்று நாள் தொடர்ந்து பத்தாயிரம் பத்தாயிரமாக யாரோ எடுத்திருக்கிறார்கள். மொத்தம் 30,000 ரூபாய். பன்னிரண்டாம் நாள் பாஸ்புக்கில் வரவு செலவு அச்சிடப் போனபோதுதான் தெரிந்தது. பேங்கில் கேட்டால், "மூன்று முறையும் எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கிறோம், போய்ச் சேர்ந்த நேரம் எங்களிடம் பதிவாகியிருக்கிறது" என்றார்களாம். உண்மைதான். அவர் மெசேஜ் பெட்டியில் கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வந்து குவிந்த நூற்றுக்கணக்கான விளம்பரங்களுக்கு நடுவே அந்த மூன்றும் கிடந்தன. தொல்லை தாங்காமல் மெசேஜ் சத்தத்தையே நிறுத்தி வைத்திருந்தார். "ஆப்புல மணி அடிக்கும்னு நெனச்சேன் அத்தான்" என்றார். ஆப் அடிக்கவில்லை. லாக் அவுட் செய்தால் அந்த ஆப் வாயை மூடிக்கொள்ளுமாம்.

இரண்டாவதாக அழைத்தவள் என் பழைய மாணவி. தையல் வேலை செய்கிறாள். மகளின் கல்லூரிச் செலவுக்காக வீட்டுக்குத் தெரியாமல் மாதாமாதம் கொஞ்சம் சேர்த்து வந்தாள். ஏன் தெரியாமல் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம். அவளும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக லாக் அவுட் செய்பவள்தான். ஒருநாள் சாயங்காலம் போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. திரை தானாக ஒளிர்ந்தது. இவ்வளவு வரவு, மொத்த இருப்பு இவ்வளவு என்று பூட்டிய திரையிலேயே எழுத்து வந்தது. சின்னப் பையன் அதைச் சத்தமாகப் படித்தான். கணவர் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அந்தப் பணம் கணக்கில் இல்லை.

"சார், லாக் அவுட் பண்ணினா எல்லாத்தையும் மூடிட்டோம்னுதானே அர்த்தம்? அப்புறம் எதுக்கு சார் அது கத்துது?" என்று கேட்டாள்.

ஒருவருக்கு ஆப் பேசாததால் நஷ்டம். இன்னொருத்திக்கு ஆப் பேசியதால் நஷ்டம். இதில் எது சரி? லாக் அவுட் செய்த பிறகும் வங்கி ஆப் நம்மைக் கூப்பிட வேண்டுமா, கூடாதா? சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தான் வரும். ஆனால் இந்தக் கேள்விக்குச் சரித்திரத்தில் உண்மையாகவே விடை இருக்கிறது என்பது தேடிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

இங்கிலாந்தில் ராச்டேல் என்றொரு ஊர். ஒன்பதாம் வகுப்பில் கூட்டுறவு இயக்கம் நடத்தும்போது சொல்லியிருப்பேன், 1844இல் நெசவாளர்கள் முதலானோர் சேர்ந்து கூட்டுறவுக் கடை திறந்த ஊர். அதே ஊரில் ஏழைத் தொழிலாளர்கள் பணம் போட்டு வைக்க ஒரு சேமிப்பு வங்கியும் இருந்தது. அதை நடத்தி வந்தவர் ஜார்ஜ் ஹாவர்த். ஊரில் பெரிய மனிதர். 1849இல் அவர் இறந்த பிறகு ஆட்களின் பாஸ்புக்குகளை வரவழைத்து வங்கியின் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 70 ஆயிரம் பவுனுக்கு மேல் காணவில்லை. பாஸ்புக்கில் ஒரு கணக்கு, பேரேட்டில் வேறு கணக்கு. பணம் போட்டவனுக்கோ பாஸ்புக் மட்டும்தான் தெரியும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பணத்தை வாங்குபவரும், கணக்கு எழுதுபவரும், "உன் பணம் பத்திரம்" என்று நமக்குச் சொல்பவரும் ஒரே ஆளாக இருந்தால், அவர் சொல்வதைத் தவிர நமக்கு வேறு வழியே இல்லை.

அந்தக் காலத்தில் ஹட்டர்ஸ்பீல்டு என்ற ஊரில் சார்லஸ் சைக்ஸ் என்ற வங்கி ஊழியர் இருந்தார். ஏழைகள் சேமிக்க ஊருக்கு ஊர் இருக்கும் தபால் நிலையத்தையே பயன்படுத்தலாமே என்று நிதியமைச்சர் கிளாட்ஸ்டனுக்கு எழுதினார். கிளாட்ஸ்டன் பிடித்துக்கொண்டார். 1861இல் சட்டம் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 16 அன்று அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது.

அந்தச் சட்டத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. நீங்கள் ஒரு கிராமத்துத் தபால் நிலையத்தில் பணம் கட்டுகிறீர்கள். போஸ்ட்மாஸ்டர் உங்கள் புத்தகத்தில் எழுதி முத்திரை வைக்கிறார். நீங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். விஷயம் அதோடு முடியவில்லை. அவர் லண்டனுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். லண்டன் தலைமையகம் "உங்கள் பணம் வந்து சேர்ந்தது" என்று உங்கள் வீட்டு விலாசத்துக்கு நேராக ஒரு கடிதம் போடும். அதை எழுதுவது அந்த போஸ்ட்மாஸ்டர் இல்லை. பத்து நாளுக்குள் கடிதம் வரவில்லையென்றால் நீங்கள் கேட்டு எழுத வேண்டும். புத்தகத்தில் உள்ள பதிவு பத்து நாள் வரை மறுக்க முடியாத சாட்சி. அதற்குள் கேட்டு எழுதினால் இன்னும் பத்து நாள் செல்லும். கேட்காமல் சும்மா இருந்தால் அந்தப் பலம் போய்விடும்.

நீங்கள் கவுன்ட்டரில் நிற்கும்போது கிடைப்பது ஒரு சாட்சி. கவுன்ட்டரை விட்டு வந்த பிறகு வீடு தேடி வருவது இரண்டாவது சாட்சி. முதலாவது பொய்யானால் இரண்டாவது காட்டிக் கொடுக்கும். நீங்கள் அங்கே இல்லாதபோது வருவதுதான் அந்தக் கடிதத்தின் உபயோகமே.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. பணம் போட்டவர் பெயரையோ தொகையையோ அஞ்சல் ஊழியர்கள் வெளியாருக்குச் சொல்லக் கூடாது. சொந்தக்காரருக்குக் கட்டாயம் சொல், மற்றவருக்குச் சொல்லாதே. இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தார்கள். பின்னால் 1870இல் வந்த சட்டம், மணமான பெண் தன் பெயரில் சேமிப்பு வங்கியில் போட்ட பணம் அவளுடைய தனிச் சொத்து என்றும் சொன்னது. என் மாணவி சொன்னதைக் கேட்டபோது இதுதான் நினைவுக்கு வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882இல் வந்தது. அதற்கு முன்பே 1880இல் தபால் இலாகா மணியார்டரை எடுத்து நடத்தத் தொடங்கியிருந்தது. மணியார்டர் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பணம் கிடைத்ததும் வாங்கியவர் கையெழுத்துப் போட்ட துண்டு, அனுப்பியவருக்குத் திரும்பப் போகும். என் அண்ணன் வேலை பார்த்த ஊரிலிருந்து மாதாமாதம் அனுப்புவார். அப்பாவின் கையெழுத்து போய்ச் சேர்ந்தால்தான் அவருக்கு நிம்மதி. இதுவும் லண்டன் கடிதத்தின் தம்பிதான்.

ஆனால் மணியார்டரில் ஒரு குறையும் இருந்தது. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து நோட்டுகளை எண்ணிக் கொடுப்பார். எவ்வளவு வந்தது என்று தெருவுக்கே தெரியும். அன்று மாலையே கைமாற்றுக் கேட்டு யாராவது வந்துவிடுவார்கள். கூடத்தில் என் மாணவியின் போன் செய்ததும் அந்தத் திண்ணைக் கணக்குதான்.

வங்கிகள் பெருகிய பிறகு நெடுங்காலம் நமக்கு இருந்த ஒரே சாட்சி பாஸ்புக். நாமே போய்க் கேட்டால்தான் அது பேசும். 1987இல் மும்பையில் முதல் ஏடிஎம் வந்தது. கிளைக்குப் போகாமலே கணக்கில் பணம் அசையலாம் என்ற நிலை வந்தது. பாஸ்புக் பின்தங்கியது. பணம் ஒரு நொடியில் போகும்; நமக்கு ஒரு மாதம் கழித்துத் தெரியும்.

இந்த இடைவெளியை அடைத்தது எஸ்எம்எஸ். உலகின் முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் போன கிறிஸ்துமஸ் வாழ்த்து. அது ஒருநாள் வங்கிக் காவல்காரன் ஆகும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நம் ரிசர்வ் வங்கி 2009இல், அட்டையை நேரில் தேய்க்காமல் செய்யும் 5,000 ரூபாயும் அதற்கு மேலுமான பரிவர்த்தனைகளுக்கு உடனடித் தகவல் அனுப்பச் சொன்னது. 2011இல், தொகை எதுவானாலும் எல்லா வகை அட்டைப் பரிவர்த்தனைக்கும் தகவல் கட்டாயம் என்றது.

பிறகு 2017 ஜூலை 6 அன்று வந்த சுற்றறிக்கை. நீங்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது இது. உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் ஆள் உங்கள் கணக்கில் மின்னணு முறையில் பணம் எடுத்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் புகார் செய்துவிட்டால் உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் என்றால் நஷ்டம் ஒரு வரம்பு வரை உங்களுடையது; சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஏழு நாளும் கடந்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. இதற்காக எஸ்எம்எஸ் தகவலைக் கட்டாயமாக்கினார்கள். அது சேர்ந்த நாளையும் நேரத்தையும் வங்கி பதிவு செய்து வைக்க வேண்டும் என்றார்கள்.

1861இல் பத்து நாள். 2017இல் மூன்று வேலை நாள். நடுவே 156 ஆண்டுகள். இரண்டிலும் நம் உரிமை ஒரு தகவலோடும் ஒரு கெடுவோடும் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு வித்தியாசம்: அன்று கடிதம் வராவிட்டால் கேட்க வேண்டும், இன்று தகவல் வந்த நேரத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. ஆகவே வங்கியின் தகவல் என்பது ஏதோ வசதிக்காகச் செய்து தரும் உபசாரம் இல்லை. நம் உரிமைக் கடிகாரத்தின் முள் அது. என் மைத்துனருக்கு அந்தக் கடிகாரம் மூன்று முறை ஓடி மூன்று முறையும் நின்றுபோனது. அவர் காதில் விழவே இல்லை. முதல் நாளே காதில் விழுந்திருந்தால் அடுத்த 20,000 போயிருக்காது. நான்கு மாதமாக அலைகிறார். இதுவரை பாதிதான் திரும்பியிருக்கிறது.

சரி, எஸ்எம்எஸ் இருக்கும்போது ஆப் நோட்டிபிகேஷன் எதற்கு? 2009இல் ஆப்பிளும் 2010இல் கூகுளும் தங்கள் போன்களில் ஆப்கள் தாமாகக் கூப்பிடும் வசதியைக் கொண்டு வந்தன. எஸ்எம்எஸ் ஒவ்வொன்றுக்கும் வங்கிக்குச் செலவு உண்டு. அந்தக் கட்டணம் நம் கணக்கிலும் காலாண்டுக்கு ஒருமுறை கழிவதைப் பார்த்திருப்பீர்கள். நோட்டிபிகேஷனுக்கு அந்தச் செலவு இல்லை. 2016இல் யுபிஐ வந்த பிறகு டீக்கடையில் கொடுக்கும் பத்து ரூபாய்க்கும் ஒரு தகவல் போக வேண்டியதாயிற்று. சின்னத் தொகைகளுக்கு எஸ்எம்எஸ்ஸைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமும் வந்துவிட்டது. நாளாக ஆக ஆப்பின் மணியை நம்பி இருக்க வேண்டிய நிலை. அதனால்தான் லாக் அவுட் கேள்வி சின்னக் கேள்வி இல்லை என்கிறேன்.

லாக் அவுட் செய்த ஆப் எப்படிக் கூப்பிடுகிறது? பெங்களூரில் சாப்ட்வேர் வேலையில் இருக்கும் என் மாணவன் ஒருவனிடம் கேட்டேன். ஆப்பைப் போட்டு அனுமதி கொடுத்ததும் அந்தப் போனில் உள்ள அந்த ஆப்புக்கென்று ஒரு நீண்ட எண் கிடைக்கும். வங்கி அதை நம் கணக்கோடு சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளும். பணம் அசைந்தால் வங்கி அந்த எண்ணைச் சொல்லி கூகுளிடமோ ஆப்பிளிடமோ தகவலைக் கொடுக்கும். அவர்கள் போனுக்குக் கொண்டு சேர்ப்பார்கள். நாம் உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்பது இதற்கு முக்கியமே இல்லை.

"லாக் அவுட்னா நீங்க கவுன்ட்டரை விட்டு எழுந்து வர்ற மாதிரி சார். உங்க விலாசம் பேங்க் ரிஜிஸ்டர்ல அப்படியே இருக்கும். சில பேங்க் நீங்க எழுந்ததும் விலாசத்தையும் அடிச்சிடறாங்க. சிலர் வெச்சிருக்காங்க. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றான். நான் நடத்திய பாடத்தை எனக்கே திருப்பி நடத்திவிட்டான்.

ஆக என் கருத்து இது. லாக் அவுட் செய்த பிறகும் தகவல் வரத்தான் வேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகிறோம் என்றால் திருடன் வந்தாலும் எனக்குச் சொல்லாதே என்று காவல்காரனிடம் சொல்லிவிட்டுப் போவதாக அர்த்தம் இல்லை. பூட்டிய வீட்டுக்குத்தான் காவல் அதிகம் தேவை. நான் உள்ளே இருந்தால் நானே பார்த்துக்கொள்வேனே!

ஆனால் என் மாணவியின் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அவள் கேட்டது நியாயம். கோளாறு, தகவல் வந்ததில் இல்லை, வந்த விதத்தில். 1879இல் இந்தியாவில் தபால் கார்டு வந்தது. கால் அணாவுக்கு ஒரு கார்டு. ஆனால் எழுதியதைத் தபால்காரரும் படிக்கலாம், பக்கத்து வீட்டாரும் படிக்கலாம். பணம் காசு விஷயத்தைக் கார்டில் எழுதாதே, கவரில் போடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று பூட்டிய திரையில் தொகையும் இருப்பும் தெரிய வரும் நோட்டிபிகேஷன் ஒரு தபால் கார்டு. அதைக் கவரில் போட்டு அனுப்ப வேண்டும். "உங்கள் கணக்கில் ஒரு பரிவர்த்தனை நடந்தது, திறந்து பாருங்கள்" என்று மட்டும் வந்தால் போதும். எவ்வளவு, எங்கே, மீதி என்ன என்பதெல்லாம் ரகசிய எண் போட்டு உள்ளே போனபிறகு. மைத்துனருக்கு மணி அடித்திருக்கும். மாணவியின் வீட்டில் பையன் படிக்க ஒன்றும் இருந்திருக்காது.

இதை வங்கிகள்தான் செய்ய வேண்டும். லாக் அவுட் பொத்தானை அழுத்தும்போதே, "இந்தப் போனுக்குத் தகவல் தொடரட்டுமா?" என்று தமிழில் ஒரு வரி கேட்டால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. அதுவரை நாம் செய்ய வேண்டியவை சில.

ஒன்று, உங்கள் ஆப் லாக் அவுட்டுக்குப் பிறகு பேசுமா, பேசாதா என்று இன்றே சோதித்துப் பாருங்கள். லாக் அவுட் செய்துவிட்டு வீட்டில் யாரையாவது உங்கள் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். மணி அடிக்காவிட்டால் எஸ்எம்எஸ்தான் உங்கள் ஒரே காவல் என்று தெரிந்துகொள்ளுங்கள். பணம் வெளியே போனாலும் மணி அடிக்கிறதா என்பதைத் தனியாகக் கவனியுங்கள்.

இரண்டு, போன் செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பகுதிக்குப் போனால், பூட்டிய திரையில் உள்ளடக்கத்தை மறைக்கும் வசதி இருக்கும். ஐபோனிலும் உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். தபால் கார்டு கவர் ஆகிவிடும்.

மூன்று, போனை விற்கும்போதும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போதும் வெறும் லாக் அவுட் போதாது. விலாசம் அங்கேயே இருந்தால் உங்கள் கடிதம் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். வங்கி ஆப்பில் அந்தப் போனின் பதிவை நீக்குங்கள். பிறகு போனில் உள்ளதை முழுக்க அழித்துவிட்டுக் கொடுங்கள்.

நான்கு, ஆதார் கைரேகையைத் தேவையில்லாதபோது பூட்டி வைக்க ஆதார் ஆப்பிலேயே வழி இருக்கிறது. என் மைத்துனருக்கு இதைப் பின்னால்தான் சொல்ல முடிந்தது. உங்களுக்கு முன்னால் சொல்கிறேன்.

ஐந்து, சந்தேகமான பரிவர்த்தனை எதைப் பார்த்தாலும் அந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணையும் கூப்பிடுங்கள். புகார் எண்ணை எழுதி வையுங்கள். தகவலிலேயே இணைப்பு வந்து அதைத் தொடச் சொன்னால் தொடாதீர்கள். நீங்களாக ஆப்பைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்தில் லண்டன் கடிதம் வராவிட்டால் பத்தாம் நாளுக்குள் எழுதியவன் தப்பித்தான். இன்று மூன்று நாளுக்குள் சொன்னவன் தப்பிக்கிறான்.

மாணவி நேற்று மறுபடியும் பேசினாள். திரையில் மறைக்கும் வசதியை மகளே போட்டுக் கொடுத்துவிட்டாளாம். "இப்போ மணி மட்டும்தான் சார் அடிக்குது. யாருக்கும் ஒண்ணும் புரியாது. எனக்கு மட்டும் புரியும்" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து சேர்க்கத் தொடங்கியிருக்கிறாள்.

சோதனை செய்து பார்த்தவர்கள் உங்கள் ஆப் பேசியதா, பேசவில்லையா என்று கீழே எழுதுங்கள். கணக்கு எண், இருப்புத் தொகை எதையும் எழுதிவிடாதீர்கள். இதுவும் தபால் கார்டுதான்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்